சர்வீஸ் அக்ரிமென்ட்ல வர்ற இங்கிலீஷ் – டிக்‌ஷனரி பாத்தும் புரியல, அப்பா ஜாமீன் கையெழுத்து போடலாமுங்களா?

தறிச்சத்தம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. குமாரபாளையம் பக்கத்துல இருந்து எழுதறேன், பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், இந்த வருஷந்தான் பி.இ. முடிச்சேன். கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில வேலை கெடச்சிருக்கு, மாசம் இருபத்திரெண்டாயிரம், அம்மா தெரு முழுக்க சொல்லியாச்சு. நேத்து ஆஃபர் லெட்டரோட சேத்து சர்வீஸ் அக்ரிமென்ட்னு ஏழு பக்கம் அனுப்பியிருக்காங்க. ரெண்டு வருஷம் இருக்கணும், நடுவுல போனா ஒண்ணரை லட்சம் கட்டணும், அது புரிஞ்சுது. மிச்சம்தான் புரியல.

தெரியாத வார்த்தையெல்லாம் டிக்‌ஷனரில பாத்துட்டேனுங்க, இண்டெம்னிஃபைனா நஷ்டத்தை ஈடுகட்டறது, ஃபோர்த்வித்னா உடனே, அதெல்லாம் ஒரு மாதிரி வெளங்குது. ஏற்கனவே தெரிஞ்ச வார்த்தை வர்ற எடத்துலதான் மண்டை காயுது. "திஸ் அக்ரிமென்ட் இஸ் எக்ஸிக்யூட்டட் அட் கோயமுத்தூர்"னு ஆரம்பிக்குது, எக்ஸிக்யூட்னா தூக்குல போடறதுன்னுதான எனக்குத் தெரியும். "இன் கன்சிடரேஷன் ஆஃப் த டிரெய்னிங்"னா டிரெய்னிங்கைக் கருத்தில் கொண்டுன்னு எடுத்துக்கிட்டேன், சரிங்களா? "சேவ் ஆஸ் ப்ரொவைடட் இன் கிளாஸ் 9"னு ஒண்ணு, எதை சேவ் பண்ணச் சொல்றாங்க? "லிக்விடேட்டட் டேமேஜஸ்"க்கும் லிக்விடுக்கும் என்ன சம்பந்தம்னே தெரியல.

கடைசிப் பக்கத்துல அப்பா கையெழுத்துக்கு எடம் விட்டிருக்காங்க, ஷூரிட்டின்னு போட்டு. அப்பா தறி ஓட்டறவருங்க. "நீ படிச்சுட்டு சொல்லு கண்ணு, போடச் சொன்னா போடறேன்"னுட்டு ஷிப்ட்டுக்குப் போயிட்டாரு. அதுதான் பயமா இருக்கு. திங்கக்கெழமைக்குள்ள அனுப்பணும், யாராச்சும் சொல்லுங்க.


நெட்பேக்_தீந்துபோச்சு எழுதியது:

எல்லா கம்பெனிலயும் இதேதாங்க, ஸ்டாண்டர்ட் ஃபார்மட். ஒருத்தரும் படிக்கறதில்ல. சைன் பண்ணிட்டு வேலையப் பாருங்க.


பழைய_பத்திரம் எழுதியது:

மேல சொல்லியிருக்கற தம்பி பேச்சைக் கேக்காத கண்ணு, அந்த ஸ்டாண்டர்ட் ஃபார்மட்டுல கையெழுத்து போட்டுட்டு நாலு வருஷம் கழிச்சு அழுதுக்கிட்டே வந்தவங்களை நான் பாத்திருக்கேன். சார்பதிவாளர் ஆபீஸ் எதுத்தாப்புல பத்திரம் எழுதறவருகிட்ட பதினோரு வருஷம் இருந்தவன் நான், இங்கிலீஷ் எனக்கும் காலேஜ்ல வந்ததில்ல, பத்திரத்துலதான் வந்துச்சு. அதனால அதே வழில உனக்கும் சொல்றேன்.

எக்ஸிக்யூட்னா எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுக்கறது, அவ்வளவுதான். நம்ம தமிழ்ப் பத்திரம் எப்படி ஆரம்பிக்கும், "இன்னாருக்கு இன்னார் எழுதிக்கொடுத்த கிரயப்பத்திரம்"னு. அந்த எழுதிக்கொடுத்தங்கறதுதான் எக்ஸிக்யூட்டட். உங்க வீட்டு வில்லங்கச் சான்று இருந்தா எடுத்துப் பாரு, தமிழ்ல எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர்னு ரெண்டு கட்டம் இருக்கும், இங்கிலீஷ்ல எடுத்தா அதே எடத்துல எக்ஸிக்யூடன்ட், கிளைமன்ட்னு இருக்கும். யாரையும் தூக்குல போடல.

ஹியர்இன்ஆஃப்டர்னு வந்தா பயந்துக்காத, "இதற்குப் பிறகு கம்பெனி என்று குறிப்பிடப்படுபவர்"னு பேர் வைக்கற சடங்கு அது. "த செட் அக்ரிமென்ட்"னு வந்தா மேற்படி அக்ரிமென்ட். பழைய பத்திரத்துல மேற்படிக்கு ௸ னு ஒரு சுழி போட்டு ஓட்டிடுவாங்க, ஒரு பக்கத்துக்கு இருபது சுழி இருக்கும். இங்கிலீஷ்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல, செட் செட்னு எழுதியே கை ஒடஞ்சிருக்கும்.

கன்சிடரேஷன் மட்டும் நின்னு படி. கருத்தில் கொண்டுன்னு நீ எடுத்தது தப்பு, இந்தத் தப்பை நெறைய பேர் பண்றாங்க. பத்திரத்துல இதைப் பிரதிபலன்னு எழுதுவோம், சட்டத் தமிழ்ல மறுபயன்னு சொல்றாங்க. இதுக்கு அதுன்னு அர்த்தம். நீ வீடு குடுக்கறே, அவரு பணம் குடுக்கறாரு, அந்தப் பணம் கன்சிடரேஷன். உன் அக்ரிமென்ட்ல அவங்க டிரெய்னிங் குடுக்கறாங்க, அதுக்கு மாத்தா நீ ரெண்டு வருஷம் இருக்கேன்னு சொல்றே. நம்ம ஊரு ஒப்பந்தச் சட்டம் 1872ல வந்தது, அதுல 25வது பிரிவு, ஒரு சில விதிவிலக்கு போக, மறுபயன் இல்லாத ஒப்பந்தம் செல்லாதுங்குது. அதனால அந்த ஒத்தை வரிமேலதான் உன் பாண்டு மொத்தமும் நிக்குது. நாளைக்கு வம்பு வந்தா மொத கேள்வியே "நெசமாவே டிரெய்னிங் குடுத்தீங்களா, என்ன குடுத்தீங்க, எத்தனை நாள்"னுதான் வரும். என்ன டிரெய்னிங்னு அக்ரிமென்ட்ல எங்கயாச்சும் எழுதியிருக்கான்னு தேடிப் பாரு.

சேவ்னா தவிர. "9வது ஷரத்துல சொன்னதைத் தவிர"ன்னு அந்த வரிக்கு அர்த்தம், அப்ப 9வது ஷரத்தைப் போய்ப் படிச்சே ஆகணும். "ப்ரொவைடட் தட்"னு நடுவுல வந்தா குடுக்கறதுன்னு நெனச்சுக்காத, வீட்ல பெரியவங்க "எல்லாம் சரி, ஆனா ஒண்ணு"ன்னு இழுப்பாங்களே அது. முன்னாடி குடுத்ததை அங்க பாதி புடுங்கிக்குவாங்க. "சப்ஜெக்ட் டு"ன்னா பாடம் இல்ல, அதுக்குக் கட்டுப்பட்டதுன்னு அர்த்தம். வாடகை ஒப்பந்தத்துல "டிட்டர்மைன்"னு வந்தா தீர்மானிக்கறது இல்ல, முடிச்சுக்கறது.

ஒரு கதை சொல்றேன். பவர் பத்திரம் பழைய ஃபார்மட்டுல "நோ ஆல் மென் பை தீஸ் ப்ரெசன்ட்ஸ்"னு ஆரம்பிக்கும். துபாய்ல இருந்து வந்த ஒருத்தரு அதைப் படிச்சுட்டு, "நான் என் தம்பிக்குப் பவர்தானுங்க குடுக்கறேன், ப்ரெசன்ட் ஒண்ணும் குடுக்கலியே, இதை அடிச்சுடுங்க"ன்னு ஒரே புடியா நின்னாரு. ப்ரெசன்ட்ஸ்னா இந்தப் பத்திரம்னு அர்த்தம்னு சொல்லிப் புரிய வைக்கறதுக்குள்ள டோக்கன் நேரமே போயிடுச்சு. மனுசன் மேல தப்பில்ல, படிக்காம போட்டவங்க நடுவுல அவரு ஒருத்தராச்சும் படிச்சாரு.

இன்னொண்ணு, ஒரே விஷயத்தை ஏன் ரெண்டு ரெண்டு தடவை சொல்றான்னு தோணும். நல் அண்ட் வாய்ட், டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ், இண்டெம்னிஃபை அண்ட் ஹோல்ட் ஹார்ம்லெஸ். 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் புடிச்சதுக்கப்புறம் ரொம்ப காலம் கோர்ட்டுல பிரெஞ்சு, லத்தீன், இங்கிலீஷ் மூணும் ஓடுச்சு, யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுன்னு ஜோடி ஜோடியா எழுதினது அப்படியே பழக்கமாயிடுச்சு. நம்மளும் சளைச்சவங்க இல்ல, "ஆண்டு அனுபவித்து", "சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்"னு எழுதறோமே. கிரயம் சமஸ்கிருதம், ஷரத்து, ஜாமீன், தாவா எல்லாம் அரபு. நீ ரெண்டு வருஷத்துக்குப் பண்ணக் கூடாதுன்னு சொல்றாங்களே அந்த ராஜினாமா பாரசீகம், மொதல்ல அதுக்கு சம்மதப் பத்திரம்னுதான் அர்த்தம். அதனால இங்கிலீஷ்ல இருக்கறதால கஷ்டம்னு நெனைக்காத, பத்திரபாஷை எந்த மொழில இருந்தாலும் அது தனி மொழிதான்.

ஜாமீன் பத்தி ஷரத்தை அப்படியே இங்க போடு, பாத்துட்டு சொல்றேன்.


ஆறாம்_பீரியட் எழுதியது:

நான் இங்கிலீஷ் டீச்சர், அரசுப் பள்ளி. உன் கேள்வியப் பாத்து எனக்கே கொஞ்சம் குத்துது தங்கச்சி, ஏன்னா "ஐ, வி வந்தா ஷல், மத்ததுக்கெல்லாம் வில், ரெண்டும் வருங்காலம்"னு போர்டுல எழுதிப் போட்டே பழகிட்டோம். அக்ரிமென்ட்ல வர்ற ஷல் வருங்காலமே இல்ல. "த எம்ப்ளாயீ ஷல் சர்வ்"னா வேலை பாப்பாருன்னு இல்ல, பாத்தே ஆகணும்னு அர்த்தம். திருமண மண்டப ரசீதுல பின்பக்கம் "இரவு 10 மணிக்குள் காலி செய்ய வேண்டியது"ன்னு போட்டிருப்பாங்களே, அந்த வேண்டியதுதான் ஷல். மே வந்தா அவங்க விருப்பம், செய்யலாம் செய்யாமலும் போகலாம், நீ கேக்க முடியாது.

இதுல ஒரு வழுக்கல் இருக்கு. "ஷல் பி என்டைட்டில்ட் டு"ன்னு வந்தா அது கடமை இல்ல, உரிமை. "ஷல் பி லயபிள் டு"ன்னு வந்தா தலைமேல பொறுப்பு. ரெண்டுலயும் ஷல் இருக்கு, ஒண்ணு வாங்கறது ஒண்ணு குடுக்கறது. "ஷல் எண்டவர் டு"ன்னு வந்தா முயற்சி பண்றோம்னுதான் சொல்றாங்க, நடக்கலன்னா நீ சண்டை போடக் கஷ்டம்.

ஒரு வேலை பண்ணு. பிரின்ட் எடுத்துக்கோ, ரெண்டு கலர் பேனா எடு. எம்ப்ளாயீ ஷல்னு வர்ற எடத்தையெல்லாம் சிவப்புல சுழி, கம்பெனி ஷல்னு வர்றதைப் பச்சைல சுழி, கம்பெனி மே வந்தா பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடு. எண்ணிட்டு இங்க சொல்லு. மொழிபெயர்க்கவே வேண்டாம், எண்ணினாலே பாதி தெரிஞ்சுடும்.


தறிச்சத்தம் எழுதியது:

டீச்சர், எண்ணிட்டேன். எம்ப்ளாயீ ஷல் 31 எடத்துல இருக்கு. கம்பெனி மே 14. கம்பெனி ஷல் மூணே மூணு, அதுல ஒண்ணு "ஷல் பி என்டைட்டில்ட்", அதைக் கழிச்சா ரெண்டு. ஒண்ணு சம்பளம் குடுக்கறது, இன்னொண்ணு ஐ.டி. கார்டு குடுக்கறது!! தம்பி பக்கத்துல உக்காந்து எண்ணிட்டு "அக்கா இது அக்ரிமென்ட்டா இம்போசிஷனா"ங்கறான்.

பத்திரம் அண்ணா, டிரெய்னிங் பத்தித் தேடினேன். "சச் டிரெய்னிங் ஆஸ் த கம்பெனி மே டீம் ஃபிட்"னு, அதாவது கம்பெனிக்கு எது சரின்னு படுதோ அந்த டிரெய்னிங்னு மட்டும் இருக்கு. எத்தனை நாள், என்ன டிரெய்னிங், ஒண்ணும் இல்ல.

ஜாமீன் ஷரத்து இதுதானுங்க, பாத்து அப்படியே அடிக்கறேன்: "நாட்வித்ஸ்டாண்டிங் எனிதிங் கன்டெய்ன்ட் ஹியர்இன், த எம்ப்ளாயீ அண்ட் த ஷூரிட்டி ஷல் ஜாயின்ட்லி அண்ட் செவரலி பே த லிக்விடேட்டட் டேமேஜஸ் ஃபோர்த்வித் ஆன் டிமாண்ட், வித்அவுட் ப்ரெஜுடிஸ் டு எனி அதர் ரெமெடி." செவரல்னா பல தானுங்க? ரெண்டு பேரும் சேந்து பல தடவையா கட்டலாம்னு நெனச்சேன். அப்பா பாதி நான் பாதி, ஆளுக்கு எழுபத்தஞ்சாயிரம்னு அம்மா கணக்கு போட்டுட்டாங்க.


வாய்தா_வாங்கி எழுதியது:

ஜூனியர் வக்கீல், மாவட்டக் கோர்ட். அம்மா கணக்கு தப்பும்மா, அவசரமா அதை மொதல்ல சொல்லிடறேன்.

செவரலின்னா தனித்தனியா. ஜாயின்ட்லி அண்ட் செவரலின்னா கூட்டாகவும் தனித்தனியாகவும். பேங்க் லோன் பேப்பர்ல தமிழ்ல இதே வார்த்தை இருக்கும், யாரும் நின்னு படிக்கறதில்ல. இதோட வேலை என்னன்னா, முழு ஒண்ணரை லட்சத்தையும் உங்கிட்டயும் கேக்கலாம், உன்னை விட்டுட்டு நேரா உங்கப்பாகிட்டயே முழுசாவும் கேக்கலாம். பாதின்னு அவரு சொல்ல முடியாது. மொத்தத்துல ஒண்ணரைக்கு மேல வாங்க முடியாது, அந்தத் தொகையைப் பொறுத்தவரைக்கும் அது ஒண்ணுதான் ஆறுதல்.

ஒப்பந்தச் சட்டம் 126வது பிரிவுல ஜாமீன்தாரர்னா யாருன்னு இருக்கு, 128ல அவரு பொறுப்பு கடன்பட்டவர் (இங்க நீ) பொறுப்போட சரிசமம்னு இருக்கு, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா. இந்த "எழுதலன்னா"தான் உனக்கு வேணும். ஜாமீன்தாரர் பொறுப்பு இவ்வளவு தொகைக்கு மேல போகாதுன்னு ஒரு வரி சேக்கச் சொல்லிக் கேக்கலாம், தப்பே இல்ல. இன்னொண்ணு, 133வது பிரிவுப்படி ஜாமீன்தாரரைக் கேக்காம கம்பெனியும் நீயும் ஷரத்தை மாத்திக்கிட்டா, மாத்தினதுக்கு அப்புறம் நடக்கறதுக்கு அவரு பொறுப்பில்ல. இதைத் தெரிஞ்சவங்க "த ஷூரிட்டி ஹியர்பை வெய்வ்ஸ்"னு ஒரு வரி சேத்து அந்தப் பாதுகாப்பையும் கழட்டிடுவாங்க. வெய்வ்னா கை ஆட்டறது இல்ல, விட்டுக்குடுத்துடறது. இங்கிலீஷ்ல எழுத்தும் வேற. உன் ஏழு பக்கத்துல அது இருக்கான்னு பாரு.

நாட்வித்ஸ்டாண்டிங்னா "வேற எங்க என்ன எழுதியிருந்தாலும் சரி". இதைப் போட்ட ஷரத்து மத்த ஷரத்து எல்லாத்துக்கும் மேல ஏறி உக்காந்துக்கும். 5வது ஷரத்துல உனக்கு ஒரு சலுகை குடுத்திருந்தாலும் இது வந்து அமுக்கிடும். சப்ஜெக்ட் டு இதுக்கு நேர் எதிர், கீழ அடங்கறது. வித்அவுட் ப்ரெஜுடிஸ்னா பாரபட்சம் இல்லாமன்னு இல்ல, "பாதகம் இல்லாம". அதாவது இந்தப் பணத்தைக் கட்டினதோட கணக்கு முடிஞ்சுதுன்னு நெனைக்காத, வேற நடவடிக்கை எடுக்கற உரிமையும் எங்களுக்கு இருக்குங்கறாங்க. இதை எடுக்கச் சொல்லிக் கேளு. ஒரு தொகைன்னு பேசி எழுதிட்டு, அதுக்கு மேலயும் வருவோம்னு சொல்றது என்ன நியாயம், எனக்கு அது புடிக்கவே இல்ல.

இப்ப லிக்விடேட்டட் டேமேஜஸ். தண்ணி கெடயாது. முன்கூட்டியே பேசி முடிச்ச நஷ்டஈடு, அவ்வளவுதான். நஷ்டம் எவ்வளவுன்னு அப்புறம் கோர்ட்டுல அடிச்சுக்காம இப்பவே எழுதிடறது. இங்கிலாந்துல இதையும் பெனால்டியையும் தனித்தனியா பிரிப்பாங்க, நம்ம சட்டத்துல 74வது பிரிவு அந்த வித்தியாசத்தை எடுத்துடுச்சு. எந்தப் பேர்ல எழுதினாலும் நியாயமான இழப்பீடு, எழுதின தொகைக்கு மேல போகாம. 1963ல ஃபதே சந்த் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவா சொல்லிடுச்சு, எழுதின தொகை உச்சவரம்பு, அதுக்குள்ள நியாயமானது எவ்வளவுன்னு கோர்ட் பாக்கணும்.

உடனே "பாண்டு செல்லாது, கிழிச்சுப் போடு"ன்னு யூடியூப்ல சொல்றவங்க பேச்சைக் கேட்டுடாதம்மா. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் ஒரு பொதுத்துறை வங்கி வழக்குல, மூணு வருஷத்துக்குள்ள போனா 2 லட்சம் கட்டணும்ங்கற பாண்டு செல்லும்னு தீர்ப்பு குடுத்திருக்கு. அவரு நல்ல சம்பளத்துல இருந்த சீனியர் மேனேஜர், அந்தச் சம்பளத்துக்கு இது பெரிய தொகை இல்லன்னு கோர்ட் சொல்லுச்சு. ஆள் போயிட்டா திரும்பவும் விளம்பரம், தேர்வுன்னு வங்கிக்கு ஆகற செலவையும் பாத்துச்சு. உன் இருபத்திரெண்டாயிரத்துக்கு ஒண்ணரை லட்சம் கிட்டத்தட்ட ஏழு மாசச் சம்பளம், அதனால நிலைமை அதே மாதிரின்னு சொல்ல முடியாது, ஆனா பாண்டே செல்லாதுன்னும் யாரும் சத்தியம் பண்ண முடியாது.

வேலைய விட்டதுக்கு அப்புறம் ஒரு வருஷம் போட்டிக் கம்பெனில சேரக் கூடாதுன்னு ஒரு ஷரத்து இருந்தா அதுக்கு ரொம்ப பயப்படாத, 27வது பிரிவு தொழில் செய்யறதைத் தடுக்கற ஒப்பந்தத்தைச் செல்லாதுன்னு சொல்லுது. வேலைல இருக்கும்போதே வேற எடத்துல செய்யாதேன்னா அது செல்லும்.

கையெழுத்தோட தேதி போடாத செக் கேக்கறாங்களா? கேட்டா சொல்லு, அது அக்ரிமென்ட்டை விடப் பெரிய தலைவலி. செக் திரும்பினா மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138வது பிரிவுல கிரிமினல் கேஸ், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா செக் தொகைல ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், ரெண்டுமேகூட வரலாம். ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டும் குடுத்துடாத, காட்டிட்டுத் திருப்பி வாங்கிக்கோ.


முன்னாள்_பாண்டு_கைதி எழுதியது:

வக்கீல் மேடம் சட்டம் சொல்லிட்டாங்க, நான் அடி வாங்கின கதையச் சொல்றேன். எம்பேர்ல ஒரு வார்த்தைதான் விளையாடுச்சு, டீம்ட். ஸ்போர்ட்ஸ் டீம் இல்ல. "நோட்டீஸ் ஷல் பி டீம்ட் டு ஹேவ் பீன் சர்வ்ட்"னு இருக்கும். கெடச்சுதோ இல்லியோ, கெடச்சதா வச்சுக்குவோம்னு அர்த்தம்.

பதினாலாவது மாசம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம வேலைய விட்டுட்டேன். நோட்டீஸ் பீரியடுக்கு "சேலரி இன் லியூ ஆஃப் நோட்டீஸ்"னு இருந்ததால, நோட்டீஸுக்குப் பதிலா ஒரு மாசச் சம்பளம் கட்டிட்டேன், அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். பாண்டு வேற, நோட்டீஸ் வேறன்னு தெரியல. இதுக்கு நடுவுல வாடகை வீடு மாறிட்டோம். பழைய வீட்டு அட்ரஸுக்கு ரெண்டு ரிஜிஸ்டர் தபால் போயிருக்கு, கதவு பூட்டியிருக்குன்னு திரும்பிடுச்சு. மூணாவதா நேரா மாமா வீட்டுக்கு வந்துச்சு, ஏன்னா மாமாதான் ஷூரிட்டி. அவரு மளிகைக் கடை வச்சிருக்காரு, கடைல ஆளுங்க நிக்கும்போது தபால்காரரு குடுத்துட்டுப் போயிருக்காரு. "என்னடா, எம்பேர்ல கோர்ட் நோட்டீஸ் வாங்கிக் குடுத்துட்டியே"ன்னு ஃபோன்ல கேட்டாரு பாருங்க, அந்தக் கொரல் இன்னும் காதுல இருக்கு. அது கோர்ட் நோட்டீஸ்கூட இல்ல, வக்கீல் நோட்டீஸ். அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

வக்கீலை வச்சு பதில் போட்டோம், பேசிப் பேசி ஒரு லட்சம் கேட்டது முப்பத்தஞ்சாயிரத்துல நின்னுச்சு. பதினாலு மாசம் வேலை பாத்தவனுக்கும் பதினாலு நாள் வேலை பாத்தவனுக்கும் ஒரே தொகையான்னு நம்ம வக்கீல் கேட்டாரு, அதுக்கு அவங்ககிட்ட பதில் இல்ல. அதனால தங்கச்சி, ஒரே ஒரு வார்த்தை சேக்கச் சொல்லி மெயில் போடு, "ப்ரோ ராட்டா". வேலை பாத்த மாசத்துக்கு ஏத்த மாதிரி தொகை கொறஞ்சுக்கிட்டே வரும். வீட்டு அட்ரஸ் மாறினா மெயில்ல தெரியப்படுத்து, அதுக்கு பதில் மெயில் வந்தா பிரின்ட் எடுத்து வை.

தபால்ல இருந்த ஒரு வரி, "இன்க்ளூடிங் பட் நாட் லிமிட்டட் டு டிரெய்னிங் காஸ்ட்". உள்பட, ஆனா அதோட நிக்காது. இந்த மாதிரி வால் நீளமா இருக்கற வார்த்தை எங்க வந்தாலும் வால் எங்க முடியுதுன்னு கேளு.


நெட்பேக்_தீந்துபோச்சு எழுதியது:

நான்தான் மொதல்ல ஸ்டாண்டர்ட் ஃபார்மட்னு சொன்னது. இதெல்லாம் படிச்சுட்டு என்னோடதை மெயில்ல தேடி எடுத்தேன். எம்ப்ளாயீ ஷல் 26. கம்பெனி ஷல் ஒண்ணு. எங்கண்ணன்தான் ஷூரிட்டி, அவனுக்கே ஞாபகம் இல்ல. ஒண்ணும் சொல்றதுக்கில்ல.


பழைய_பத்திரம் எழுதியது:

நீயாச்சும் இப்பப் படிச்சியே தம்பி.

கண்ணு, மெயில் போடும்போது சண்டை போடற மாதிரி எழுதாத. நாலு கேள்வி போதும். டிரெய்னிங் என்ன, எத்தனை நாள்னு எழுதித் தாங்க. தொகையை ப்ரோ ராட்டா ஆக்குங்க. ஜாமீன்தாரர் பொறுப்புக்கு ஒரு வரம்பு போடுங்க, இல்ல ஜாமீனே வேண்டாம்னு எடுத்துடுங்க. வித்அவுட் ப்ரெஜுடிஸ் வரியை எடுங்க. கேட்டா வேலை போயிடுமோன்னு பயப்படாத, ஹெச்.ஆர்.ல இருக்கறவங்களும் இதைத் தெனமும் கேக்கறவங்கதான். அடிச்சுத் திருத்தினா ரெண்டு தரப்பும் சுருக்கொப்பம் போடணும், ஃபோன்ல "சரி பாத்துக்கலாம்"னு சொன்னா அதுக்கு மதிப்பில்ல. கடைசி ஷரத்துல "என்டயர் அக்ரிமென்ட்"னு ஒண்ணு இருக்கும் பாரு, இந்தக் காகிதத்துல இருக்கறது மட்டுந்தான் பேச்சு, வெளில பேசினது எதுவும் கணக்குல வராதுன்னு அது சொல்லும்.


தறிச்சத்தம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வெய்வ்ஸ் வரி இருக்குதுங்க மேடம், ஆறாவது பக்கத்துல, ஷூரிட்டி கிளாஸுக்கு ரெண்டு ஷரத்து தள்ளி ஒளிச்சு வச்ச மாதிரி இருக்கு. செக் கேக்கல, சர்ட்டிபிகேட் "வெரிஃபிகேஷனுக்கு"ன்னு கேட்டிருக்காங்க, காட்டிட்டு வாங்கிக்கறேன்.

ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்ததும் அப்பாகிட்ட தமிழ்லயே சொன்னேன், கூட்டாகவும் தனித்தனியாகவும்னு. டக்குனு புரிஞ்சுக்கிட்டாரு. தறி வாங்க சொசைட்டில லோன் போட்டப்ப பெரியப்பா இதே மாதிரி கையெழுத்து போட்டாராம், அப்ப மேனேஜர் இதையே படிச்சுக் காட்டினாராம். "பாதி பாதின்னுல்ல நெனச்சேன்"னு அம்மாதான் ரொம்ப நேரம் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

நேத்து மெயில் போட்டேன், அண்ணா சொன்ன நாலு கேள்வியோட வெய்வ்ஸ் வரியையும் சேத்து அஞ்சு. இன்னைக்குக் காலைல பதில் வந்துச்சு. டிரெய்னிங் ஆறு வாரம்னு அனெக்ஸர்ல எழுதித் தர்றாங்களாம், தொகையும் மாசா மாசம் கொறையற மாதிரி மாத்தி அனுப்பறாங்களாம். அப்பா பத்தின கேள்விக்கும், வித்அவுட் ப்ரெஜுடிஸ், வெய்வ்ஸ் ரெண்டு வரிக்கும் சேத்து ஒரே வரில பதில்: "வி ஷல் எண்டவர் டு கன்சிடர் யுவர் ரிக்வெஸ்ட்."

டீச்சர், இதைப் படிச்சதும் சத்தமா சிரிச்சுட்டேன். போன வாரமா இருந்தா ஷல்லைப் பாத்துட்டு ஒத்துக்கிட்டாங்கன்னு அப்பாவைக் கையெழுத்து போடச் சொல்லியிருப்பேன்.


ஆறாம்_பீரியட் எழுதியது:

பாத்தியா! இதுல வர்ற கன்சிடர் மட்டும் பழைய கன்சிடர்தான், கருத்தில் கொள்றது. அதுக்கே முயற்சி பண்றாங்களாம் 😄


பழைய_பத்திரம் எழுதியது:

திருத்தின அக்ரிமென்ட் கைக்கு வரட்டும், அதுவரைக்கும் அப்பா பேனாவை எடுக்க வேண்டாம். வந்ததும் 6வது பக்கத்தை மொதல்ல பாரு.